சுவரில் எழுதியிருந்த நம்பர்

வியாழக்கிழமை மத்தியானம் பட்டறையில் இருந்தவர்கள் என் தம்பி சத்தியதாஸ், அவன் மனைவி ஜெயபாய், அவர்களுடைய இளைய மகன் சுபின், சுபினின் மனைவி லிபி, நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் சிபி, அப்புறம் நான். ஆறு பேர். மூன்றேகாலுக்குத் தம்பியின் மூத்த மகன் ஜெயன் வந்தான். அவனோடு ஏழு. வேறு ஒருவரும் அங்கே இல்லை. பேர்களை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. அன்று அங்கே இல்லாதவர்கள்தான் அந்த நாளைப் பற்றி அதிகமாகப் பேசுகிறார்கள்.

பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில், ஹைவேயை விட்டு உள்ளே திரும்பினால் முதல் வளைவிலேயே எங்கள் வீடுகள். கிழக்கு வீடு என்னுடையது, மேற்கு வீடு தம்பியுடையது, இரண்டுக்கும் பின்னால் பட்டறை. கல்லறைக் கல்லும் கட்டடங்களின் திறப்புவிழாக் கல்லும் அங்கே வெட்டுகிறார்கள். நெய்யாற்றின்கரை முதல் மார்த்தாண்டம் வரைக்கும் உள்ள கல்லறைத் தோட்டங்களில் போய்ப் பாருங்கள், மூன்றில் ஒரு கல் சத்தியதாஸ் பட்டறையுடையதாக இருக்கும். நான் நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். கல் நடுவதில் எங்கள் குடும்பத்தைக் குறை சொன்ன ஆள் இதுவரைக்கும் இல்லை.

பட்டறையில் இப்போது கையால் யாரும் எழுத்து வெட்டுவதில்லை. ஒரு மிஷின் உண்டு. கட்டில் மாதிரி நீளமான இரும்பு மேசை; அதன்மேல் அங்கும் இங்கும் நகரும் ஒரு தலை; தலையில் வைர முனை. கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து கொடுத்தால் அது கல்லில் வெட்டும். தூசி பறக்காமல் இருக்க மேலே ஒரு குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதை வாங்கியவள் லீலாபாய். எனக்குத் தங்கை, தம்பிக்கு அக்கா. குவைத்தில் இருபத்தாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்று வந்தவள் தம்பி வீட்டில் இருந்தாள். ஜெயன் டிப்ளமோ முடித்து நின்ற சமயத்தில், "இவனுக்கு இது போதும்" என்று மிஷினை இறக்கினாள். என்னிடம் கேட்கவில்லை. ஜெயனே அதைப் பொருத்தினான், ஒயர் இழுத்தான், ஐந்து வருஷம் ஓட்டினான்.

பிறகு அவன் போய்விட்டான். மார்த்தாண்டத்தில் ஒரு நல்ல குடும்பத்துக்கு அவன் விஷயமாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். தேதி பார்க்க அவர்கள் வருவதற்கு நான்கு நாள் முன்னால், பூவாறைச் சேர்ந்த ரெஷ்மா என்ற பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக் கட்டிக்கொண்டான். வேறு ஜாதி, வேறு மதம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் லீலாபாய். எனக்குப் பிள்ளைகள் இல்லை. இந்தக் குடும்பத்தின் அடுத்த தலை அவன்தான் என்று நினைத்திருந்தேன். மார்த்தாண்டத்துக்காரர்கள் வீட்டு முற்றத்தில் போய் நின்று நான் தலை குனிந்தேன். அன்றைக்கு வந்து சொன்னேன்: இந்த இரண்டு வீட்டு வாசலையும் அவன் மிதிக்கக் கூடாது. தம்பி மறுத்துப் பேசவில்லை. லீலாபாயிடம் அதற்குப் பிறகு நான் பேசவில்லை. இரண்டு வருஷம். போன ஐப்பசியில் அவள் இறந்தாள். பெட்டியை முன்பக்கம் தூக்கியவன் நான். ஜெயன் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நின்றான்.

அந்த வாரச் சனிக்கிழமை அவளுக்கு முதல் வருஷ ஜெபம். அதற்குள் கல் நிற்க வேண்டியிருந்தது. கல் வெட்டுகிற வீட்டுக்காரி. அவள் தலைமாட்டில் ஒரு வருஷமாக மரச் சிலுவைதான் நின்றது. ஜெபத்துக்கு வருகிற இருநூறு பேரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

கல்லில் வரவேண்டிய வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். பெயர். பிறப்பு 12-3-1956. இறப்பு. கீழே நினைவுகூருபவர்கள்: வேதமாணிக்கம், அதாவது நான், சத்தியதாஸ், ஜெயபாய், சுபின், லிபி. சுபின் அதை வாங்கி வாசித்தான். "இவ்வளவு பேருதானா பெரியப்பா?" என்று கேட்டான். "இவ்வளவு பேர்தான்" என்றேன்.

இந்த நேரத்தில்தான் பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடத் தொடங்கியது. ஐப்பசியில் வருகிற துலா மழை. தினமும் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வரும், நாலு இடி, கரண்ட் போகும். கல் தூசியும் ஈரமும் சேர்ந்து உள்ளே சிமெண்ட் மாதிரி பிடித்திருந்தது. பத்து தடவை அமுக்கினால் ஒரு தடவை எழும்பும். லிபி பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். அதைப் பட்டறைக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. பழையது கடைசியாக எழும்பிய ஒரு காலையில் சுபின் படங்களையெல்லாம் ஒரு பென்டிரைவில் எடுத்தான். மிஷினை ஓட்டும் சாஃப்ட்வேரை சிடியிலிருந்து புதிதாக ஏற்றினான்.

எங்கள் வீட்டில் புதுசாக எது தொடங்கினாலும் போதகர் வந்து ஜெபித்துத்தான் தொடங்கும். பசுமாடு வாங்கினாலும் அப்படித்தான், போர் போட்டாலும் அப்படித்தான். திங்கட்கிழமை சாயங்காலம் வருவதாகப் போதகர் சொல்லியிருந்தார். நான் சனிக்கிழமையே போய்ப் பட்டறையைப் பார்த்தேன். மிஷினுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பென்சில் கிறுக்கல். அம்புக்குறி, எண்கள், கோடுகள், எவனோ ஒருத்தனின் போன் நம்பர். மனிதர் வந்து நின்று ஜெபிக்கிற இடமா இது? "சுவரை அடிச்சு வெளுப்பா வை" என்றேன். சுபின் தலையைச் சொறிந்தான். ஆனாலும் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து இளம்பச்சையில் இரண்டு கோட் அடித்தான். பழைய கம்ப்யூட்டர் மூலையில் அழுக்கு மூட்டையாகக் கிடந்தது. திங்கள் காலையில் பழைய சாமான் எடுக்கிற ஆக்ரிக்காரன் வந்தபோது அதையும் எடுத்துப்போகச் சொன்னேன்.

போதகர் வந்தார், ஜெபித்தார். ஜெயபாய் ஏத்தக்காய் அப்பமும் சாயாவும் கொண்டுவந்து வைத்தாள். சுபின் கம்ப்யூட்டரைத் தட்டினான். பழைய திரை அப்படியே வந்தது. தம்பி முகம் மலர்ந்தது. சுபின் மிஷினின் பச்சை பட்டனை அமுக்கிவிட்டு மவுஸை அழுத்தினான். தலை அசையவில்லை. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: மிஷினின் போர்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடியும் அழுத்தினான். மறுபடியும் அதே வரி. போதகர் அப்பத்தைக் கடித்தபடியே நின்றார். "இதெல்லாம் டெக்னிக்கல் காரியம், சரியாகும்" என்று சொல்லிவிட்டு, வாயில் இருந்ததை விழுங்காமலே செருப்பைத் தேடினார்.

செவ்வாய்க்கிழமை சுபின் ஒயரை மாற்றினான். கம்ப்யூட்டருக்கும் மிஷினை அசைக்கிற போர்டுக்கும் நடுவில் ஓடுவது ஒரே ஒரு நெட்வொர்க் ஒயர். அதை எலி கடித்திருக்கும் என்றான். கடிக்கவில்லை. புதன்கிழமை பஸ் ஏறிச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு புது ஒயரும், ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டியும் வாங்கிவந்தான். பெட்டியில் போட்டால் இரண்டு பக்கமும் விளக்கு எரிகிறது. ஆனால் திரையில் அதே சிவப்பு வரி. அன்றைக்கே சிபியைப் போனில் விளித்துச் சொன்னார்கள். வியாழன் பதினொரு மணிக்கு ஸ்கூட்டரில் வந்தான்.

சிபி வாயாடி. முதுகில் பையோடு உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்து, "கொள்ளாம்! கல்யாண வீடு மாதிரி இருக்கு" என்றான். பிறகு உட்கார்ந்து வேலை பார்த்தான். வேலையில் குறை சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டரின் சாக்கெட்டில் வீட்டு மோடத்தின் ஒயரைப் போட்டுப் பார்த்தான், இன்டர்நெட் வந்தது. அப்போது சாக்கெட் நல்லது. போர்டின் விளக்கைப் பார்த்தான், எரிகிறது. அப்போது போர்டுக்கும் உயிர் இருக்கிறது. ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

"போர்டுக்க நம்பர் என்னவாக்கும்?"

"எந்த நம்பர்?" என்றான் சுபின்.

"அட, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டுடே. வீட்டு நம்பர் போல. இந்த போர்டு ஒரு நம்பர வச்சிட்டு சும்மா இருக்கும். யாருகிட்டயும் போய் ஒண்ணும் கேக்காது. சரியான நம்பர்ல விளிச்சா, அதே தெருவுல நிண்ணுட்டு விளிச்சா, அப்பம் பதில் சொல்லும். இல்லன்னா நீ தொண்ட கிழிய விளிச்சாலும் திரும்பிப் பாக்காது."

"மிஷினுக்க புக்குல போட்டிருக்கே ஒரு நம்பர்."

"அத நான் போட்டுப் பாத்தாச்சு. இல்ல. யாரோ மாத்தி வச்சிருக்கு."

தம்பி இருமினான். கல் தூசி அவன் நெஞ்சில் முப்பது வருஷமாக உண்டு. பேச்சு வராத இடத்தில் இருமல் வரும். மாற்றியவன் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

லிபிதான் வாயைத் திறந்தாள். "வீட்டு மோடத்துக்கும் போர்டுக்கும் ஒரே நம்பர் வந்து இடிச்சுது, அதுக்குத்தான் மாத்துனாருன்னு லீலா மாமி ஒருக்க பறஞ்சு. அந்த நம்பரு..." நிறுத்திவிட்டு மிஷினின் பின்னால் பார்த்தாள். "அங்கதான் எழுதியிருந்து."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். இளம்பச்சை. ஒரு கீறல் இல்லை.

சிபி எழுந்துபோய் சுவரை நகத்தால் சுரண்டினான். பெயிண்ட் மட்டும் வந்தது. "நல்ல பெயிண்டாக்கும். எவன் அடிச்சான்?"

"நான்தான்" என்றான் சுபின். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"அடிக்கச் சொன்னவன் நான்" என்றேன். என் வேலையை இன்னொருத்தன் தலையில் போடும் வழக்கம் எனக்கு இல்லை.

"பழைய பெட்டியில கெடக்கும் சாரே, அந்த நம்பரு" என்றான் சிபி. "பெட்டி எங்க?"

பெட்டி ஆக்ரிக்குப் போன விஷயத்தைத் தம்பி சொன்னான். சுபின் போன் செய்து கேட்டான். ஆக்ரிக்காரன் செவ்வாய்க்கிழமையே லோடு ஏற்றி நாகர்கோவிலுக்கு அனுப்பிவிட்டிருந்தான்.

"லிபி, ஒனக்கு ஒண்ணும் ஓர்மையில்லியா? அங்கதானே நிண்ணு தண்ணிக் குழாயத் திருப்புவ?" என்று சிபி கேட்டான்.

"பத்துல தொடங்கும் அண்ணா. பத்து, ஒரு புள்ளி. பின்னே ஒண்ணும் ஓர்மையில்ல."

"பத்துல தொடங்குனா ஒண்ணரைக் கோடிக்கு மேல நம்பர் உண்டு. நான் ஒவ்வொண்ணா விளிச்சுட்டு இருந்தா, அடுத்த வருஷ ஜெபத்துக்குக் கல்லு ரெடியாகும்." அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. "போர்டத் தொறந்து பழைய நம்பருக்குத் திருப்பலாம். உள்ள ஒரு பின்ன மாத்தணும். பிழச்சுதுன்னா போர்டு போச்சு. போர்டு சைனாக்காரனுக்கதாக்கும், வர மாசம் ஒண்ணாவும். நான் கை வைக்க மாட்டேன். இத வச்ச ஆள விளிங்க. அதுதான் வழி."

மணி ஒன்றாகியிருந்தது. ஜெயபாய் வந்து, கிழங்கும் சாளைக் கறியும் ஆறிப்போகிறது என்றாள். யாரும் எழவில்லை. அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"களியிக்காவிளைக் கல்லுக்கடையில குடுத்தா மூணு மணிக்கூறுல வெட்டித் தருவான் அண்ணே" என்றான் தம்பி.

"யார் வீட்டுக் கல்லை யார் வெட்டுவது?" என்றேன்.

"கல்லு நம்ம கல்லுதானே. எழுத்து மட்டும்..."

"அவன் வெட்டும்போதே போட்டோ எடுப்பான்" என்றான் சிபி. "சத்தியதாஸ் அண்ணனுக்க அக்காளுக்கக் கல்லு எங்க கடையிலயாக்கும்னு பேஸ்புக்குல போடுவான். நான் அவனுக்கப் பேஜு பண்ணிக் குடுக்கவன், எனக்குத் தெரியும்."

"போதும்" என்றேன்.

தூரத்தில் முதல் இடி முழங்கியது. தகரக் கூரையின் மேல் மாவிலை ஒன்று இழுபட்டுப் போகும் சத்தம் கேட்டது. அப்போது ஜெயபாய் பேசினாள். கல்யாணம் ஆகி வந்த முப்பத்தாறு வருஷத்தில் என் முன்னால் அவள் நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

"அத்தான், மூணு வருஷமா நான் வாயத் தொறக்கல்ல. இன்னிக்குத் தொறக்கேன். எனக்கப் பிள்ளய நான் விளிக்கப் போறேன்."

"ஜெயா, நீ உள்ள போ" என்றான் தம்பி.

"நீங்க இருமுங்க. ஒங்களுக்கு அதுதான் தெரியும்." அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா கடைசி மாசம் வெள்ளம் குடிக்க மாட்டாம கெடந்தாவ. அண்ணன் கெழக்க இருமுதது கேக்குது, வருவாருன்னு சொல்லிட்டே கெடந்தாவ. நீங்க வரல்ல. நான் ஒங்கள ஒண்ணும் கேக்கல்ல அத்தான். அவ தலமாட்டுல கல்லு இல்லாம சனியாழ்ச்ச நான் அந்த ஆளுவ முன்ன நிக்க மாட்டேன். நிக்கணும்னா நீங்க நில்லுங்க."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சிபி அங்கே உட்கார்ந்திருந்தான். வெளியாள் முன்னால் குடும்பக் காரியம் பேசுவது எனக்கு வழக்கமில்லை. அவள் அங்கேயே நின்று போனை எடுத்து அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டாள். வேண்டுமென்றேதான் போட்டாள்.

"அம்மா?" பின்னால் பெரிய இயந்திரங்களின் ஓசை. விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் அவனுக்கு வேலை.

"மக்களே, மிஷினு ஓடல்ல. போர்டுக்க நம்பர் என்னன்னு கேக்காவ."

"செவத்துல உண்டே."

"செவரு பெயிண்ட் அடிச்சாச்சு."

"எந்தக் கம்ப்யூட்டரு இப்பம்?" என்றான்.

"லிபிக்கது" என்று சுபின் குனிந்து சொன்னான். "சேட்டா, ஒரு சாக்கெட்டுதான் உண்டு. பழசுல ரெண்டு இருந்துல்லா."

"ஒண்ணும் தொடாண்டாம். ரெண்டு மணிக்கு எனக்கு டூட்டி முடியும். வாறேன்." பிறகு குரல் தாழ்ந்தது. "அம்மா, வரலாமா?"

ஜெயபாய் போனை என் பக்கம் நீட்டினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இடி மறுபடியும் முழங்கியது. "வேலைக்கு வருகிறவன் பட்டறை வழியாக வரட்டும்" என்றேன்.

மூன்றேகாலுக்கு மழையோடு வந்தான். ரெயின்கோட்டைப் பட்டறைக்கு வெளியே கொக்கியில் மாட்டினான். மெலிந்திருந்தான், முன்தலையில் முடி குறைந்திருந்தது. சுபின் பக்கம் தலையசைத்தான். என்னைப் பார்த்து, "பெரியப்பா" என்றான். அவ்வளவுதான். நான் தலையசைத்தேன்.

தம்பி, மகனின் முகத்தைப் பார்க்காமல் கால்களைப் பார்த்தான். "நனைஞ்சியா?"

"இல்லப்பா."

அதற்குப் பிறகு வேலை. பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு அடாப்டரை எடுத்துக் கம்ப்யூட்டரின் முன்பக்கம் சொருகினான். மிஷினின் ஒயரை அதில் போட்டான். அந்த ஒயர் இன்டர்நெட்டோடு கலக்கக் கூடாது, மிஷினுக்கு மட்டும் என்று சுபினுக்குச் சொன்னான். திரையில் ஒரு கட்டத்தைத் திறந்து எண்களைத் தட்டினான். சிபி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து உரக்க வாசித்தான்.

"பத்து, பன்னெண்டு, மூணு, அம்பத்தஞ்சு. இது கம்ப்யூட்டருக்கு. போர்டு?"

"கடைசி மட்டும் அம்பத்தாறு."

"மூணு வருஷமா எப்பிடி அளியா ஓர்மை வச்சிருக்க? எனக்கு எனக்க வண்டி நம்பரே ஓர்மையில்ல."

"மாமிக்கப் பொறந்த நாளு" என்றான் ஜெயன். "பன்னெண்டு, மூணு, அம்பத்தாறு."

லிபி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தத் தேதியை என் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். நான்கு நாளாக அந்தத் தாள் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், ஒரு கல் துண்டின் அடியில் கிடந்தது. ஒருத்தருக்கும் தெரியவில்லை.

சுபின் மவுஸை அழுத்தினான். சிவப்பு வரி வரவில்லை. மேசைக்கு அடியில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு தலை மெல்ல அசைந்து மூலைக்குப் போய் நின்றது. தம்பி இருமாமல் நின்றான். ஜெயபாய் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

ஜெயன் பையிலிருந்து பென்சிலை எடுத்தான். மிஷினுக்குப் பின்னால் போய்ப் பச்சைச் சுவரில், பழைய இடத்திலேயே, நம்பரை எழுதினான். என்னைக் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

"ஃபைல எடு" என்றான் சுபினிடம்.

சுபின் தயங்கினான். "சேட்டா, நான் ஓட்டிக்கிடுதேன். நீ போய் கஞ்சி குடி."

"புது கம்ப்யூட்டரு. முதல்ல ஒருக்க காத்துல ஓட்டிப் பாக்கணும். இல்லன்னா கல்லு போவும். எடு."

சுபின் என்னைப் பார்த்தான். ஃபைலைத் திறந்தான். திரை நிறைய வாசகம் வந்தது. ஜெயன் மேலிருந்து கீழே வாசித்தான். வாசிப்பதை நாங்கள் ஆறு பேரும் பார்த்தோம். கடைசி வரிக்கு வந்ததும் அவன் கண் ஒருமுறை மேலே போய், மறுபடியும் கீழே வந்தது. பிறகு முனையைக் கல்லுக்கு மேலே இரண்டு அங்குலம் உயர்த்தி வைத்து பட்டனை அமுக்கினான்.

வெட்டாமல் ஓட்டுவதை இவர்கள் காத்தோட்டம் என்பார்கள். முனை கல்லைத் தொடாது; எழுத வேண்டியதைக் காற்றில் எழுதிப் போகும். கறுப்புக் கல் கண்ணாடி மாதிரி கிடந்தது. அதில் முனையின் நிழல் ஓடியது. லீலாபாயின் பெயர். பிறந்த நாள். இறந்த நாள். பிறகு என் பெயர். என் பெயர் நீளம், அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது. சத்தியதாஸ். ஜெயபாய். சுபின். லிபி. ஜெயன் இடுப்பில் கையை வைத்துக் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டே வந்தான். மழை தகரத்தில் கொட்டியது. லிபி என்ற இரண்டு எழுத்தும் முடிந்ததும் தலை உயர்ந்து மூலைக்குத் திரும்பியது.

அதற்குக் கீழே கல்லில் நாலு விரல் அகலத்துக்கு வெறும் இடம் இருந்தது. இரண்டு பெயர் தாராளமாக வரும். நான் அதை அளந்தேன். கண்ணால் அளப்பது என் தொழில். அவனும் அந்த இடத்தைத்தான் பார்த்தான்.

நான் காத்திருந்தேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று நின்றேன். ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. என்ன பதில் சொல்வது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன்.

"சரியாத்தான் போவுது" என்றான் ஜெயன். "ஆழம் ரெண்டு மில்லி போதும். தண்ணியத் திருப்பு லிபி."

லிபி குழாயைத் திருப்பினாள். முனை இறங்கியது. கல்லில் வெள்ளையாக முதல் கோடு விழுந்ததும் அவன் பையை எடுத்துக்கொண்டான்.

"மக்களே, ரெண்டு வாய் கிழங்கு" என்றாள் ஜெயபாய்.

"வேண்டாம்மா. மழ கொறஞ்சிருக்கு, இப்பம் போனாத்தான் பூவாறுக்கு வெளிச்சத்துல போவ முடியும்."

அவள் உள்ளே ஓடிப்போய் ஒரு டப்பாவில் கிழங்கும் மீனும் அடைத்துத் துண்டால் கட்டிக் கொண்டுவந்தாள். "அவளுக்குக் குடு. மீன் முள்ளு பாத்துச் சாப்பிடச் சொல்லு." அவள் ரெஷ்மாவைப் பற்றி என் முன்னால் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் டப்பாவை வாங்கிப் பையில் வைத்தான்.

தம்பி கேட் வரைக்கும் போனான். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவன் மிஷின் ஓசையைக் காட்டிலும் சத்தமாக இருமினான். சிபி பையை மாட்டிக்கொண்டு, "உங்க வீட்டுல ஆளு உண்டு சாரே, வெளியில நிறுத்தி வச்சிருக்கீங்க" என்றான். வாயாடிகளுக்குப் பதில் சொன்னால் நீளும்.

கல் ஏழு மணிக்கு முடிந்தது. வெள்ளிக்கிழமை கொண்டுபோய் நட்டோம். மட்டம் பார்த்தவன் நான்; ஒரு நூல் சாயவில்லை. சனிக்கிழமை ஜெபத்துக்கு இருநூற்றுப்பத்துப் பேர் வந்தார்கள். கல் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். சிலர் கீழே இருந்த வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயபாய் அந்த இடத்தின் மேலேதான் பூவை வைத்தாள். ஜெயன் வரவில்லை. அவனுக்கு அன்று பகல் டூட்டி என்று சுபின் சொன்னான். விசாரிக்கவில்லை.

பேச்சு அதற்கு மறுநாளே, ஆராதனை முடிந்து வெளியே வரும்போதே தொடங்கிவிட்டது. ஜெயன் விழிஞ்ஞத்தில் இருந்துகொண்டே எங்கள் மிஷினைப் பூட்டிவைத்தான் என்று முதலில் சொன்னார்கள். அது பொய். மிஷின் நின்றதற்குக் காரணம் நான் அடிக்கச் சொன்ன பெயிண்ட். அந்த நம்பர் இப்போதும் சுவரில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார்கள். மார்த்தாண்டம் வரைக்கும் போயிருக்கிறது. கல்லில் தன் பெயரையும் ரெஷ்மாவின் பெயரையும் சேர்த்தால்தான் மிஷினை ஓட்டித் தருவேன் என்று ஜெயன் அன்று கேட்டானாம். நான் முடியாது என்றேனாம்.

அது நடக்கவில்லை. அவன் கேட்கவில்லை.